ஜாதி நாயின் காது

ஜூன் கடைசி வாரம். மும்பையின் செம்பூரில் மழை பிடித்துக்கொண்டு நாலாம் நாள். வீட்டுக்குள் இட்லி மாவு பொங்கிப் புளித்த வாடை அடித்தது. ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தோம், மாவே இல்லை. அடுப்படியிலும் ஒன்றும் இல்லை. வாடையைப் பிடித்துக்கொண்டே போனால் சோபாவுக்கு அடியில் கொண்டுபோய் விட்டது. அங்கே டாஃபி தலையைச் சாய்த்து வலது காதைத் தரையில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தது. மடலைப் புரட்டினேன். உட்புறம் செக்கச்சிவந்து, காபித்தூளைக் குழைத்து அப்பினாற்போல் அழுக்கு. வாடை அங்கிருந்துதான்.

டாஃபி காக்கர் ஸ்பேனியல், வெல்லப்பாகு நிறம். எங்கள் கட்டடத்திலிருந்த ஒரு குடும்பம் துபாய்க்கு மாறிப் போனபோது ஐந்து வயதில் எங்களிடம் வந்தது. கூடவே ஒரு படுக்கை, ஒரு சீப்பு, பிளாஸ்டிக் உறையில் ஒரு வம்சாவளிச் சான்றிதழ். அதில் மூன்று தலைமுறைப் பாட்டன் பாட்டிமார் பெயரெல்லாம் இருந்தது. என் கொள்ளுத் தாத்தாவின் பெயர் எனக்குத் தெரியாது.

எண்பது வயது அம்மா நாற்காலியில் இருந்தபடியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சாதி நாய்ல அது. நோக்காடும் சாதி நோக்காடாத்தான் வரும்."

பேச்சுத் தமிழில் நாய்கள் மூன்று வகைதான். தெரு நாய், நாட்டு நாய், ஜாதி நாய். கால்நடைத் துறைப் புத்தகங்கள் 'இனம்' என்று எழுதும். நாகர்கோவிலிலிருந்து தாராவி வரைக்கும் வாயால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அந்த 'ஜாதி' ரொம்ப நாளாக எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. காது வைத்தியத்துக்காகப் படிக்கப் போய், ஸ்பேனியலின் பூர்வீகத்துக்குள் நுழைந்து வெளியே வந்த பிறகு, நம் ஜனங்கள் தெரியாமலே சரியான சொல்லைப் பிடித்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

ஸ்பேனியல் என்றால் ஸ்பெயின்காரன் என்று அர்த்தம். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் காஸ்டன் ஃபீபஸ் என்ற பிரெஞ்சுப் பிரபு எழுதிய வேட்டை நூலில் இந்த நாய்கள் ஸ்பெயினிலிருந்து வந்தவை என்று குறிப்பு இருக்கிறது. நிஜமாகவே அங்கிருந்து வந்தனவோ என்னவோ. ஊர்ப்பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிறகு உரித்தெடுக்க முடியாது, தாராவியில் பிறந்தவனுக்கு அது தெரியும். 1570இல் ஜான் கேயஸ் என்ற கேம்பிரிட்ஜ் மருத்துவர் இங்கிலாந்து நாய்களைப் பற்றி லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார். நாய்களை அவர் பிரித்த விதம் கவனிக்கத்தக்கது. தரையில் பறவையைக் கிளப்புகிற நாய், தண்ணீரில் இறங்குகிற நாய், சீமாட்டிகளின் மடியில் கிடக்கிற நாய், காவல் நாய், மந்தை நாய், சமையலறையில் சக்கரத்துக்குள் ஓடி இறைச்சிக் கம்பியைச் சுழற்றுகிற நாய். எந்த நாய் என்ன வேலை செய்கிறது என்பதுதான் அவருக்குக் கணக்கு. யாருக்குப் பிறந்தது என்று அவர் கேட்கவில்லை.

ஸ்பேனியலின் வேலை கிளப்புவது. துப்பாக்கி வருவதற்கு முன் வலைக்கும் வல்லூறுக்கும் கிளப்பிக் கொடுத்தது. வந்த பிறகு துப்பாக்கிக்கு. வேட்டைக்காரனிடமிருந்து முப்பது நாற்பது தப்படிக்குள்ளேயே முன்னும் பின்னும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, மூக்கைத் தரையிலிருந்து எடுக்காமல், முள்ளுக்குள் நுழைந்து, பதுங்கியிருக்கும் பறவையை எழுப்ப வேண்டும். எழுப்பியதும் துரத்தக் கூடாது. அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். வெடி வெடித்து, பறவை விழுந்து, ஆள் சொன்ன பிறகுதான் போய்க் கவ்வி வர வேண்டும், அதுவும் பல் பதியாமல். இத்தனையும் செய்ய வேகம் மட்டும் போதாது, ஆளின் முகத்தை ஓயாமல் பார்க்கிற குணமும் வேண்டும். டாஃபி அறைக்கு அறை என் பின்னாலேயே வருவதும், நான் குளியலறைக்குள் போனால் கதவருகில் படுத்துக்கொள்வதும் பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாசத்தை ஐந்தாறு நூற்றாண்டுகள் வேலைக்காகப் பொறுக்கி எடுத்து வளர்த்திருக்கிறார்கள்.

காக்கர் என்ற அடைமொழி ஒரு பறவையிலிருந்து வந்தது. வுட்காக் என்பது உள்ளான் வகையைச் சேர்ந்த, நீண்ட அலகுள்ள காட்டுப் பறவை. சருகு நிறத்தில் சருகோடு சருகாகக் கிடக்கும். கிட்டத்தட்ட மிதித்தால்தான் எழும். அதைக் கிளப்பப் புதருக்கு அடியில் புகுந்து வருகிற சிறிய உடம்பு வேண்டும். குட்டைக் கால், அகன்ற மார்பு, முள் தைக்காத அடர்ந்த மயிர், நிற்காமல் ஆடுகிற வால் எல்லாம் அந்தக் காட்டின் அளவுக்குத் தைத்த சட்டை. நீண்ட காதுகள் தரையிலிருந்து வாசனையை வாரி மூக்குக்குத் தள்ளுகின்றன என்று வேட்டைக்காரர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. டாஃபியின் காது இதுவரை வாரியதெல்லாம் ரசமும் தயிரும்தான்.

இங்கே ஒரு விஷயம் உண்டு, நான் படித்துவிட்டுச் சிரித்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காக்கருக்கும் அதன் பெரியண்ணன் ஸ்பிரிங்கருக்கும் பிறப்பில் வித்தியாசமே கிடையாது. ஒரே வயிற்றில், ஒரே பிரசவத்தில் பிறந்த குட்டிகளில் சிறியது காக்கர், பெரியது ஸ்பிரிங்கர். கோடு 25 பவுண்டு, அதாவது 11 கிலோ சொச்சம். அதற்குள் எடை நின்றால் இந்தப் பெயர், தாண்டினால் அந்தப் பெயர். தராசு சொன்னதுதான் ஜாதி. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. பதிவேடு வந்தது. கண்காட்சி வந்தது, பரிசு வந்தது. 1885இல் ஸ்பேனியல் கிளப். 1890களின் தொடக்கத்தில் காக்கரைத் தனி இனமாக ஏற்றார்கள். 1901இல் எடைக் கோட்டை எடுத்துவிட்டார்கள். இனி தராசு தேவையில்லை, பிறப்புச் சான்று போதும். 1902இல் ஸ்பிரிங்கருக்கும் தனிப் பதிவு. அதற்குமுன் அண்ணன் தம்பியாக ஒரே கூடையில் கிடந்தவை அதற்குப்பின் ஒன்றை ஒன்று மணக்கக் கூடாத இரண்டு ஜாதிகள்.

இந்தக் குலத்தின் மூலபுருஷன் ஓபோ. 1879இல் பிறந்தது, சுமார் 10 கிலோ எடை, கருப்பு. இன்றைய காக்கர்களின் வம்சாவளியைப் பின்னோக்கிப் போனால் ஏறக்குறைய எல்லாம் ஓபோவிடம் வந்து முட்டுகின்றன. அந்த ஓபோவின் அப்பன் சசெக்ஸ் ஸ்பேனியல், தாய் ஃபீல்டு ஸ்பேனியல் என்கின்றன பழைய பதிவுகள். தூய இனத்தின் ஆதித் தகப்பன் கலப்பு மணத்துக்குப் பிறந்தவன். கோத்திரம் பார்க்கிற எல்லாக் குடும்பங்களிலும் பரணில் இப்படி ஒரு பழைய தகரப்பெட்டி இருக்கும். யாரும் திறக்க மாட்டார்கள்.

1916 மே மாதம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மானுடவியல் வகுப்பில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை படித்தார். ஜாதியின் உயிர்நாடி தொழிலும் அல்ல, தீட்டும் அல்ல, அகமணமே என்பது அவர் வாதம். ஒரு வகுப்பு தன் கதவைச் சாத்திக்கொண்டால் அது ஜாதி. அந்த மாணவர் அம்பேத்கர். பின்னாளில் அவர் கட்டிய ராஜகிருகம் தாதர் ஹிந்து காலனியில் இருக்கிறது. மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவிலிருந்து நடந்தே போகலாம். நாய்ப் பதிவேட்டை அவர் மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் ஸ்பேனியல் கிளப்பின் வரலாற்றை அவர் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒவ்வொரு கட்டமும் பொருந்துகிறது. முதலில் வேலை, பிறகு வேலையின் பெயர், பிறகு பெயருக்கு ஒரு வேலி. வேலை போன பிறகும் வேலி மட்டும் நிற்கிறது. வேலிக்குள் திரும்பத் திரும்பச் சொந்தத்திலேயே கூடினால் என்ன ஆகும் என்று மனிதர்களைவிட நாய்களில் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது, அவற்றின் தலைமுறை இரண்டு மூன்று வருஷம்தானே. பார்வை மெல்ல அணைகிற விழித்திரைச் சிதைவு, இளம் வயதிலேயே சிறுநீரகம் பழுதாகிற பரம்பரை நோய் இரண்டும் காக்கரின் ரத்தத்தில் ஓடுகின்றன. இன்று இரண்டுக்கும் மரபணுச் சோதனை உண்டு. குட்டி வாங்குகிறவர் சான்றிதழைக் கேட்பதற்கு முன் தாய் தகப்பனின் சோதனை முடிவைக் கேட்க வேண்டும். 2008இல் பிபிசி இந்த விஷயத்தை ஒரு ஆவணப்படமாகப் போட்டு உடைத்த பிறகுதான், அடுத்த வருஷம், தாய்க்கும் மகனுக்கும், அண்ணனுக்கும் தங்கைக்கும் பிறந்த குட்டிகளைப் பதிவதில்லை என்று லண்டன் கென்னல் கிளப் முடிவெடுத்தது. அதுவரை பதிந்துகொண்டிருந்தார்கள்.

வேலை போன கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். லண்டன் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் ஹெர்பர்ட் லாயிட் என்பவரின் காக்கர்கள் 1930க்கும் 1950க்கும் இடையில் ஆறு முறை முதல் பரிசு வாங்கின. பரிசு வாங்குவது மயிரும் காதும். மயிர் நீண்டது, காது இறங்கியது. அமெரிக்காவில் மண்டை உருண்டு மூக்கு குட்டையாகி வேறொரு நாயே உருவாக, 1946இல் அங்கே அதைத் தனியாகப் பிரித்தார்கள். 1952இல் நிக்சன் தொலைக்காட்சியில் தன் அரசியல் பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ளப் பிடித்துக்கொண்டது செக்கர்ஸ் என்ற காக்கரின் வாலைத்தான். 1955இல் டிஸ்னி படத்தின் சீமாட்டி நாயும் காக்கரே. புதருக்குள் இருந்த நாய் கம்பளத்துக்கு வந்துவிட்டது.

நம் பக்கம் எப்படி வந்தது? துரைகளோடுதான். காக்கருக்குப் பெயர் கொடுத்த அதே வுட்காக் குளிர்காலத்தில் நீலகிரிச் சோலைகளுக்கு வலசை வருகிறது. ஊட்டித் துரைகளுக்கு அது ஊர் ஞாபகம். 1877இல் அங்கே அவர்கள் தொடங்கிய வேட்டைச் சங்கம்தான் பின்னால் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கமாக மாறியது. 1896இல் இந்தியாவில் நாய்ப் பதிவுக்கென்று ஒரு சங்கம் அமைந்தது. இன்றைய இந்திய கென்னல் கிளப்பின் ஆரம்பம் அது. இப்போது தலைமையிடம் சென்னை. டாஃபியின் சான்றிதழும் அங்கிருந்து வந்ததுதான். அதாவது அதன் ஜாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டில் வாங்கியது.

பம்பாயில் நாயின் கதை வேறு மாதிரி. கம்பெனி ஆட்சியில் தெருநாய்களை அடித்துக் கொல்ல ஆண்டின் சில மாதங்களை ஒதுக்கியிருந்தார்கள். தலைக்குக் கூலி உண்டு. 1832 கோடையில் அந்தக் கெடுவை நீட்டினார்கள். கூலிக்கு ஆசைப்பட்டு வீட்டு நாயையும் வாசலில் இருந்து இழுத்துப் போகிறார்கள் என்று புகார் எழுந்தது. ஜூன் மாதம் பார்சிகள் தெருவில் இறங்கினார்கள். இந்துக்களும் ஜைனர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைகள் மூடின. வெள்ளைக்காரர்களுக்கு இறைச்சியும் தண்ணீரும் போகாமல் தடுத்தார்கள். பட்டாளம் வந்துதான் அடங்கியது. அந்த நகரத்தின் முதல் பெரிய கலவரங்களில் ஒன்று நாய்க்காக நடந்தது. பார்சிகளுக்கு நாய் வெறும் வளர்ப்புப் பிராணி இல்லை; இறந்தவரின் உடல்மேல் நாயின் பார்வை படவேண்டும் என்பது அவர்கள் சடங்கு. இரண்டு வருஷம் கழித்து, 1834இல், பார்சி வணிகர் ஜம்சேட்ஜி ஜீஜீபாய் முன்னின்று பஞ்சரபோல் என்ற விலங்குக் காப்பகத்தைத் தொடங்கினார். 1874இல் பிராணி வதைத் தடுப்புச் சங்கம். அடுத்த பத்தாண்டில் தின்ஷா மானெக்ஜி பெட்டிட் கொடையில் அவர் மனைவி சகர்பாய் பெயரில் பரேலில் விலங்கு மருத்துவமனை, 1886இல் அதை ஒட்டிக் கால்நடைக் கல்லூரி. செம்பூரிலோ தாராவியிலோ நாய்க்குக் கால் ஒடிந்தால் இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் 'பரேல் ஜானவர் ஆஸ்பத்திரி' என்றால் போதும். 2024 ஜூலையில் மகாலட்சுமியில் டாடா அறக்கட்டளை சிறு விலங்குகளுக்கென்று பெரிய மருத்துவமனை திறந்ததும் அதே பார்சிப் பரம்பரையின் நீட்சி.

1832இல் எழுந்த வழக்கு இன்னும் முடியவில்லை என்பதும் உண்மை. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22 அன்று கருத்தடை செய்து ஊசி போட்டு, வெறிநோய் கண்டவையும் ஆளைக் கடிக்கப் பாய்பவையும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது.

நான் முதன்முதலில் ஸ்பேனியலைப் பார்த்ததும் பார்சிகளிடம்தான். அப்பாவுக்கு மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. வீடு தாராவியில் ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்களை நடத்தியே ஃபைவ் கார்டன்ஸுக்குக் கூட்டிப்போவார். தாதர் பார்சி காலனியிலிருந்து ஒரு வயதான பார்சி, முழங்காலுக்குக் கீழே தொளதொளக்கும் கால்சட்டையோடு, கருப்பு வெள்ளை நாய் ஒன்றை அழைத்துக்கொண்டு வருவார். அதன் காதைப் பார்த்து என் தங்கை, "அதுக்குச் சடை போட்டிருக்காங்கப்பா" என்றாள். அந்த நாய் எங்கள் அருகில் வந்து மோப்பம் பிடித்தது. அப்பா சட்டென்று எங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கடிக்கும் என்று பயந்து இழுத்ததாக அன்று நினைத்தேன். "நாம தொட்டா அவங்க ஏதும் நெனச்சிக்கிருவாங்க" என்று பிறகுதான் சொன்னார்.

அந்த வாக்கியத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று புரிய எனக்கு இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. தாராவியில் முதல் தோல் பதனிடும் கூடம் 1887இல் வந்தது; திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து அந்தத் தொழிலில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் தெருவில் நிறைய. நாயும் பூனையும் இறங்கிக் குடிக்கிற மஹாட் குளத்தில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மனிதர்கள் குடிக்கக் கூடாது என்பதால்தான் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் அங்கே இறங்கித் தண்ணீரை அள்ளினார். அந்த ஊர் இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. ஜாதி நாய் என்ற சொல் எனக்கு ஏன் உறுத்தியது என்று இனி விளக்க வேண்டியதில்லை. டாஃபியின் கழுத்துப்பட்டை தாராவியில் தைத்தது. சாயம் மங்கவில்லை, தையல் விடவில்லை.

மாட்டுங்காவின் தமிழ்க் குடித்தனங்களில் அப்போதெல்லாம் நாய் கிடையாது. ஆசாரம் ஒரு காரணம், இடம் இன்னொரு காரணம். இப்போது அதே கட்டடங்களில் பகல் பதினோரு மணிக்கு மடிசார்ப் பாட்டி ஒருவர் பக் நாயை நடத்திக்கொண்டு போகிறார். 2003இல் ஹட்ச் கைபேசி விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னால் ஓடிய பக் நாய் நாட்டையே மாற்றிவிட்டது. காக்கருக்கு அப்படி ஒரு விளம்பரம் வாய்க்கவில்லை, அதன் அதிர்ஷ்டம். கட்டடச் சங்கங்களோடு நாய்க்காரர்களுக்கு லிஃப்ட் சண்டை நடக்கும்போதெல்லாம் காட்டப்படுகிற 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இந்திய விலங்குகள் நல வாரியத்துடையது. அந்த வாரியம் 1962இல் அமையக் காரணமாக இருந்து முதல் தலைவராகவும் இருந்தவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி. சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். பரதநாட்டியத்துக்குக் கைதட்டுகிற மாமாக்கள் நாய்க்குத் தட்டவில்லை.

சரி, காதுக்கு வருவோம். நாயின் காதுக் குழாய் நம்முடையதைப்போல் நேராக உள்ளே போகாது. கீழே இறங்கி, பிறகு மடங்கி உள்ளே திரும்பும். 'ட' எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காக்கருக்கு அந்தக் குழாய்க்குள்ளேயும் மயிர், மெழுகு சுரப்பிகளும் மற்ற நாய்களைவிட அதிகம், மேலே கனத்த மடல் போர்வையாக மூடிக்கொள்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் துணியே காய்வதில்லை. அந்தக் குழாய் எங்கே காயும்? உள்ளே எப்போதும் கொஞ்சமாக இருக்கிற ஈஸ்ட் அந்த இருட்டிலும் ஈரத்திலும் பெருகுகிறது. புளித்த மாவு வாடை அதனால்தான். வீட்டில் மாவும் புளிக்கிறது, காதும் புளிக்கிறது.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். அம்மா சொன்னாள் என்று தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கி நாலு நாள் விட்டேன். நாலாம் நாள் டாஃபி தலையைக் கோணலாகவே வைத்துக்கொண்டு நடந்தது. பரிசோதித்த கால்நடை மருத்துவர் பஞ்சால் அழுக்கைத் தொட்டுக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். நிலக்கடலை ஓடுபோல இடை சிறுத்த நீல உருவங்கள், கூட்டம் கூட்டமாக. "இது கொழுப்பைத் தின்று வளர்கிற ஜந்து. நீங்கள் நாலு நாள் விருந்து வைத்திருக்கிறீர்கள்" என்றார். அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை.

இப்போது காது கழுவுவது மழைக்காலத்தில் வாரம் இரண்டு முறை, மற்றக் காலத்தில் ஒரு முறை. மடலைத் தூக்கிப் பிடித்து, மருத்துவர் தந்த கழுவு திரவத்தைக் குழாய் நிறைய விட வேண்டும். பிறகு காதின் அடியை விரல்களால் பிசைந்தால் சளக் சளக் என்று ஒரு சத்தம் வரும். அது வந்தால்தான் திரவம் மடக்கு வரைக்கும் இறங்கியிருக்கிறது. அரை நிமிஷம் கழித்துக் கையை விட்டுவிட்டு எட்டி நிற்க வேண்டும், ஏனென்றால் அடுத்து அது தலையை உதறும் உதறலில் சுவர் வரைக்கும் தெறிக்கும். மேலே வந்த அழுக்கைப் பஞ்சால் துடைத்தால் போதும். காதுக் குச்சியை உள்ளே விடவே கூடாது, அழுக்கை மடக்குக்குள் தள்ளிக் கெட்டிப்படுத்திவிடும். காதுக்குக் கீழே மயிரை ஒட்டக் கத்தரித்துவிட்டால் கொஞ்சம் காற்றுப் போகும். சாப்பிடும்போது காது தட்டில் விழாமலிருக்க வாய் குறுகிய ஆழமான கிண்ணம். வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்ட காதில் குழாய்ச் சுவரே தடித்துச் சுண்ணாம்பு படிந்துவிடும். அப்புறம் அறுவை சிகிச்சையில் குழாயையே எடுக்க வேண்டியதுதான். அந்த அறுவைக்கு வருகிற நாய்களில் காக்கர்கள் ஏராளம்.

அடுத்தது வயிறு. காக்கருக்குப் போதும் என்று தோன்றவே தோன்றாது. 13லிருந்து 14.5 கிலோ வரைதான் இருக்க வேண்டும் என்கிறது இங்கிலாந்து அளவுகோல். டாஃபி எங்களிடம் வந்தபோது 17. தமிழ் வீட்டில் அதற்கு ஆபத்து தயிர் சாதம் அல்ல, சாம்பார். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், வெந்ததும்கூட. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட் இதயத்துக்கு ஆகாது. அம்மாவின் கை பந்தியில் தாராளமானது என்பதால் வெங்காய சாம்பார் அன்று டாஃபியை வேறு அறையில் விடுகிறோம். கதவுக்கு அடியில் மூக்கு மட்டும் தெரியும்.

மழையில் உண்ணி வேறு. கால் விரல் இடுக்கு, காதுக்குப் பின், அக்குள் என்று தினம் சீப்பு போட்டுத் தேட வேண்டும். உண்ணிக் காய்ச்சலில் போன நாய்கள் இந்த ஊரில் ஏராளம். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டிய பிறகு எலிக்காய்ச்சல் மனிதர்களை என்ன பாடுபடுத்தியது என்று எங்களுக்கு நினைவிருக்கிறது. எலி மூத்திரம் கலந்த அதே தண்ணீரில்தான் நாயும் நடக்கிறது, அதற்கும் வருஷாவருஷம் தடுப்பூசி உண்டு. முன்கோபம் பற்றியும் சிலர் கேட்பார்கள். ஒற்றை நிறக் காக்கர்கள் பல நிறக் காக்கர்களைவிட அதிகம் சீறுகின்றன என்று 1996இல் பிரிட்டனில் ஒரு ஆய்வு வந்தது உண்மை. டாஃபி ஒற்றை நிறம்தான். அது சீறி நான் பார்த்தது ஒரே தடவை, காது நோவு உச்சத்தில் இருந்தபோது. அந்த நிலையில் நானும் சீறுவேன்.

வால் பாதிதான் இருக்கிறது. முள்ளில் அடிபட்டு ரத்தம் வரும் என்று வேட்டை நாய்க்குட்டிகளின் வாலைப் பிறந்த சில நாட்களிலேயே நறுக்குவது பழைய வழக்கம். இங்கிலாந்தில் 2007இல் அதைத் தடை செய்து, நிஜமாக வேலைக்குப் போகிற நாய்களுக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள். செம்பூர் ஐந்தாம் மாடியில் எந்த முள் அடிக்கப் போகிறது என்று டாஃபியின் வாலை நறுக்கினார்களோ.

வேலைக்குப் போகிற காக்கர் இன்றும் இருக்கிறது. கொரோனா இரண்டாம் அலைக்குச் சற்று முன், 2021 பிப்ரவரியில், இந்திய ராணுவம் மூன்று நாய்களைப் பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தியது. வியர்வையும் சிறுநீரும் மோந்து நோய்த்தொற்றைச் சொல்லப் பழக்கப்பட்டவை. ஒன்று காஸ்பர், காக்கர் ஸ்பேனியல். மற்ற இரண்டும் ஜெயா, மணி என்ற சிப்பிப்பாறைகள். தென்மாவட்டக் கரிசல் காட்டில் முயல் விரட்டுகிற மெலிந்த நாய். லண்டன் பதிவேட்டின் செல்லப்பிள்ளையும் எங்கள் ஊர் முயல் நாயும் மீரட்டில் பயிற்சி பெற்று ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தப் படத்தை வெட்டி வைத்திருந்தேன். அம்மா அதைப் பார்த்து, "இந்த நெட்டையன் நம்மூர்க்காரன்லா" என்றாள். காஸ்பரைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டாள். கேயஸ் மருத்துவரிடம் கேட்டிருந்தால் இரண்டும் ஒரே வகுப்பு என்று சொல்லியிருப்பார்.

காது ஆறி ஒரு மாதம் ஆன பிறகு, ஆகஸ்டில் மழை விட்ட ஒரு காலையில், டாஃபியை ஃபைவ் கார்டன்ஸுக்குக் கூட்டிப்போனேன். செம்பூரிலிருந்து அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமில்லை, சும்மா போனேன். குரோட்டன்ஸ் வேலியோரம் போனபோது அது சட்டென்று நின்றது. மூக்கு தரையில் இறங்கியது. பாதி வால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஆடத் தொடங்கியது. உடம்பின் பின்பாதியே சேர்ந்து ஆடியது. வாரைத் தளர்த்தினேன். ஈர இலைகளுக்கு அடியில் மார்பு உரசப் புகுந்து மறைந்தது. கிளைகள் இரண்டு தடவை அசைந்தன. பிறகு சடசடவென்று ஒரு செம்போத்து கிளம்பி, செம்பழுப்புச் சிறகை விரித்துத் தாழப் பறந்து, பார்சி காலனி மதிலைத் தாண்டிப் போனது.

டாஃபிக்கு யாரும் எதுவும் கற்றுக்கொடுத்ததில்லை. துரத்தும் என்று நினைத்து வாரை இறுக்கிப் பிடித்தேன். அது வேலியிலிருந்து வெளியே வந்து, காதெல்லாம் சேறும் சருகுமாக நின்று, பறவை போன திசையை ஒரு தடவை பார்த்தது. அப்புறம் திரும்பி என் முகத்தைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தது.